வாசல்னா என்ன, எங்கேர்ந்து வந்துச்சு? ஒரு வீட்டுச் சொல்லோட வேரைத் தேடுறது எப்படி

ஒரு கட்டடச் சொல்லுக்கு அர்த்தம் என்ன, அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு தேட ஆரம்பிச்சா பெரும்பாலும் நாம முதல்ல செய்றது அந்தச் சொல்லை ரெண்டா வெட்டுறதுதான். வாட்ஸப்ல வர்ற ஃபார்வர்டுல பாதி அப்படித்தான் பொறக்குது. 'வாசல் = வா + செல், வான்னு கூப்பிட்டு செல்னு அனுப்பி வெக்கிற இடம், நம்ம முன்னோர் அறிவைப் பாத்தீங்களா'ன்னு ஒண்ணு ரொம்ப நாளா சுத்திக்கிட்டு இருக்கு. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா தப்பு. ஏன் தப்புன்னு நாமளே எப்படிக் கண்டுபுடிக்கிறது, சரியானது எதுன்னு எப்படி ஆதாரத்தோட காட்டுறதுங்கிறதை வாசல்ங்கிற இந்த ஒரே சொல்லை வெச்சு சொல்றேன், இதே வழியை நீங்க கூடம், ரேழி, தாழ்வாரம், திண்ணைன்னு எதுக்கு வேணா போட்டுப் பாக்கலாம். இதுக்கு வேண்டியது ஒரு நோட்டு, நெட் இருக்குற போன், பேச்சுக் குடுக்க ஊர்ல ரெண்டு மூணு பெரியவங்க, அப்புறம் தஞ்சாவூருக்கோ ஸ்ரீரங்கத்துக்கோ போய்வர ஒரு பகல். நாம டெல்டாவுல இருக்கறதால கடைசி ஐட்டம் ரொம்ப சுலபம்.

முதல் வேலை வெட்டுறது இல்ல, பொறுக்குறது. அந்தச் சொல்லை சனங்க எப்படியெல்லாம் பேசுறாங்களோ அத்தனையையும் எழுதிக்கங்க. அகராதியைத் தொடாதீங்க இப்போதைக்கு, ஏன்னா அகராதியைப் பாத்துட்டா அப்புறம் காதுல அதுல இருக்குறது மட்டும்தான் விழும். கும்பகோணம், மாயவரம், மன்னார்குடி பக்கம் ஒரு நாள் பேச்சுல காதைக் குடுத்தீங்கன்னா இதெல்லாம் வந்துரும்: 'விடியறதுக்குள்ள வாசல் தெளிச்சு கோலம் போட்டுரணும்', 'வாசல்ல யாரோ நிக்கிறாங்க பாரு', 'காரை வாசல்லயே நிறுத்திரு', 'கொல்லை வாசலைச் சாத்துனியா', 'வீடு வாசல்னு ஒண்ணும் இல்லாம போச்சு', 'இனிமே உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்', 'வீட்டுக்கு வீடு வாசப்படி', 'நாளைக்கு வாசக்கால் வெக்கிறோம் வந்துருங்க', 'சொர்க்கவாசல் திறக்குறப்ப கூட்டம் தாங்காது'.

இப்ப இதை வரிசையா பாருங்க, எல்லாம் ஒண்ணு இல்ல. தெளிக்கிற வாசல் தரை, வீட்டுக்கு முன்னாடி இருக்குற மண்ணு இல்லன்னா சிமெண்டு. கார் நிக்கிற வாசல் உண்மையில தெரு. சாத்துற கொல்லை வாசல் கதவு மாதிரி தெரியுது. வீடு வாசல்ங்கறப்ப சொத்து. வாசக்கால்ங்கிறது மரச் சட்டம். திறக்குற சொர்க்கவாசல் கோயில் மதில்ல இருக்குற ஒரு வழி. ஒரே சொல்லு ஒரு ஆறு வேலை பாக்குது. கொங்குப் பக்கம் போனீங்கன்னா வீட்டை ஒட்டுன திறந்த வெளி மொத்தத்தையும் வாசல்னுதான் சொல்லுவாங்க, அங்க பொண்ணு குடுத்த டெல்டாக்காரங்களைக் கேளுங்க, முதல் வருஷம் கொஞ்சம் கொழப்பமா இருந்திருக்கும். ஊருக்கு ஊர் இப்படி மாறுறதையும் நோட்டுல ஓரமா எழுதி வெச்சுக்கணும்.

அடுத்தது, அந்தச் சொல்லு எது இல்லைன்னு பாக்கணும். இதுக்குப் பெரியவங்களை விட ஆசாரியும் கொத்தனாரும்தான் சரியான ஆளு. நாம 'வாசலைச் சாத்து'ன்னு சொன்னாலும் ஆசாரிக்கு வாசல் வேற, கதவு வேற. அவருக்கு பலகையா ஆடுறது கதவு. சுத்தி நிக்கிற சட்டம் நிலை, அதுல ரெண்டு பக்கமும் நிக்கிற மரம் நிலைக்கால், கீழ கிடக்குறது வாசப்படி, முழுச் சட்டத்தையும் சேத்து வாசக்கால்னு சொல்லிருவாங்க. பழைய கதவுல கீல் இருக்காது, கதவோட மேலயும் கீழயும் துருத்திக்கிட்டு இருக்குற குடுமி ஒரு குழியில உக்காந்து சுத்தும். சாத்துனா தாழ்ப்பாள், அது போய் மாட்டிக்கிற இடம் நாதாங்கி. இவ்வளவு பேரும் அவருகிட்ட தனித்தனியா இருக்கு. அப்ப வாசல்னு மிச்சம் இருக்குறது என்ன? அந்தச் சட்டத்துக்கு நடுவுல இருக்குற காலி இடம். புது வீடு கட்டறப்ப பாருங்க, நிலையை நிமித்தி மஞ்சள் குங்குமம் வெச்சு மாவிலை கட்டி, அடியில நவதானியமும் காசும் போட்டு வாசக்கால் பூசை முடிச்சிருவாங்க, அன்னிக்குக் கதவே இருக்காது, சுவரும் கூட சரியா எழும்பியிருக்காது, ஆனாலும் வாசல் வெச்சாச்சுன்னுதான் பேச்சு. இதை மனசுல புடிச்சுக்கங்க, வேர் தேடுறப்ப இது வேணும்.

ஒரு சின்ன விஷயம் நடுவுல. வாசப்படியில உக்காராதே, வாசப்படி மேல நின்னு காசு குடுக்காதேன்னு எல்லா வீட்லயும் சொல்லுவாங்க. காரணம் கேட்டா நரசிம்மர் கதைதான் வரும், உள்ளயும் இல்லாம வெளியயும் இல்லாம வாசப்படியில வெச்சு இரணியனை முடிச்ச கதை. கதை எப்படியோ போகட்டும், நம்ம வேலைக்கு இதுல ஒரு துப்பு இருக்கு: வாசல்ங்கிறது உள்ளுக்கும் வெளிக்கும் நடுவுல இருக்குற இடம்ங்கிற நினைப்பு சனங்க மனசுல கெட்டியா இருக்கு.

பொறுக்கியாச்சு, பிரிச்சாச்சு, இப்பதான் வடிவத்துக்கு வரணும். வாசல்ங்கிற சொல்லுக்குப் பக்கத்துல எழுத்துத் தமிழ்ல இன்னொண்ணு நிக்குது, வாயில். கல்யாண மண்டபத்துலயும் ஆபீஸ்லயும் 'நுழைவாயில்'னு போர்டு வெப்பாங்க, யாரும் நுழைவாசல்னு எழுதுறது இல்ல. ரெண்டும் ஒரே சொல்லா? இங்கதான் நிறைய பேரு 'பாத்தாலே தெரியுதே'ன்னு விட்டுருவாங்க. அப்படி விடக்கூடாது. ஒரு எழுத்து மாறியிருக்குன்னா அதே மாத்தம் வேற சொல்லுலயும் நடந்திருக்கணும், ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் ஸ்பெஷலா நடந்துச்சுன்னு சொன்னா நம்பாதீங்க. யகரம் சகரமா மாறுறதுக்கு எவ்வளவு ஆளு சேருதுன்னு பாப்போம்: உயிரு உசிரு, உயரம் ஒசரம், முயல் மொசலு, அயலூர் அசலூர், அப்புறம் கோவம் வந்தா வாயில வர்ற அந்த மயிரு மசிரு. நெயவு நெசவு ஆனதும் இதேதான், அதுல புது வடிவமே எழுத்துலயும் நின்னுருச்சு. இத்தனை பேரு ஒரே பாதையில போயிருக்குறப்ப வாயில் வாசல் ஆனது சும்மா ஒரு ஊகம் இல்ல, அது தமிழ் வாயோட பழக்கம்.

இனிமே வெட்டலாம். ஆனா வெட்டுறது வாசலை இல்ல, வாயிலை. எப்பவும் பழைய வடிவத்தைத்தான் வெட்டணும், தேஞ்சு போனதை வெட்டுனா வா + செல் மாதிரி கண்டது கிடைக்கும். வாயில் = வாய் + இல். ஸ்கூல்ல தமிழய்யா இலக்கணப்போலின்னு ஒண்ணு நடத்தியிருப்பாரு, அதுல இல்முன் முன்றில் ஆச்சு, இல்வாய் வாயில் ஆச்சுன்னு வரும், பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணிட்டு மறந்திருப்போம். வீட்டோட வாய், அதை முன்ன பின்ன மாத்திப் போட்டு வாயில்.

வெட்டுன ரெண்டு துண்டும் தனித்தனியா உசிரோட இருக்கணும், அதான் அடுத்த செக். இல் இருக்கு: இல்லம், முன்றில், கோயில், குறள்ல வர்ற புக்கில், துச்சில். வாய் இருக்கான்னு டெல்டாக்காரனைக் கேக்கவே வேண்டாம். வாய்க்கால் இருக்கு. வயலுக்குத் தண்ணி திருப்ப வரப்புல வெட்டுற வாய்மடை இருக்கு, பேச்சுல வாமடை. ஆத்துலேர்ந்து வாய்க்கால் பிரியுற தலைப்புக்கு வாய்த்தலைன்னு பேரு, சோழர் காலக் கல்வெட்டுலயே இருக்குற சொல்லு அது, உய்யக்கொண்டான் வாய்க்கால் காவிரியிலேர்ந்து பிரியுற ஊரு பேரே பெட்டவாய்த்தலை. பஸ்ல கரூர் போறப்ப எத்தனையோ தடவை அந்த போர்டைத் தாண்டியிருப்போம். ஆக வாய்னா முகத்துல இருக்குற வாய் மட்டும் இல்ல, எது வழியா ஒண்ணு உள்ள போகுதோ வெளிய வருதோ அந்தத் திறப்பு எல்லாமே வாய்தான், தண்ணிக்கும் சரி, நெல்லு கொட்டுற குதிருக்கும் சரி, வீட்டுக்கும் சரி. ஆசாரி சொன்ன காலி இடமும் இதுவும் பொருந்துது பாருங்க. பேச்சுல கிடைச்ச அர்த்தமும் வெட்டுனதுல கிடைச்ச அர்த்தமும் ஒண்ணா வந்து நின்னா நீங்க சரியான ரூட்லதான் போறீங்க.

பக்கத்து வீட்டுலயும் விசாரிச்சிரணும். மலையாளத்துல கதவுக்கும் வாசலுக்கும் வாதில். தெலுங்குல வாகிலி. கன்னடத்துல பாகிலு, இதுல பாவை பாலுன்னு பேரு சொல்ற மாதிரி அழுத்திச் சொல்லணும். கன்னடம் நம்ம வகரத்தை அடிக்கடி அப்படித்தான் மாத்தும், நாம வான்னா அவங்க பா, நமக்கு வாய்னா அவங்களுக்கு பாயி, வெள்ளின்னா பெள்ளி. காவிரி அங்கேர்ந்துதான் வருது, சொல்லும் கூடவே வந்துச்சுன்னு நெனச்சுராதீங்க, இது ஒருத்தர்கிட்டேர்ந்து ஒருத்தர் வாங்குனது இல்ல, நாலு பேருக்கும் ஒரே பாட்டி சொத்து. இதுல முக்கியமா கவனிக்க வேண்டியது, வாதில், வாகிலி, பாகிலு மூணுலயும் நடுவுல சகரம் இல்ல. அதாவது தமிழ் வாசல்ல இருக்குற ச பின்னாடி தமிழுக்குள்ள வந்தது. இந்த ஒரு பாயிண்ட்டை வெச்சே ரெண்டு தப்பான விளக்கத்தைக் காலி பண்ணலாம். வா + செல்னா மத்த மூணு மொழியிலயும் செல்லோட சாயல் எங்கயாவது இருந்திருக்கணும், இல்ல. வசிக்கிறதுங்கிற அர்த்தத்துல வர்ற வடமொழி வாசம்தான் வாசல் ஆச்சுன்னு இன்னொரு கோஷ்டி சொல்லும், அப்பவும் அந்த சகரம் எல்லாத்துலயும் நின்னுருக்கணும், இல்ல. வாஸ்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, வாஸ்து பாக்குறவரு வாசல் எங்க வெக்கிறதுன்னு சொல்றாருங்கிறதோட சரி.

இப்ப பழைய பாட்டு. இதுல எதை எடுக்கறதுன்னு ஒரு கணக்கு இருக்கு. அந்தச் சொல்லு வர்ற வரி மட்டும் போதாது, அதுக்குப் பக்கத்துல அதோட சொந்தக்காரச் சொல்லுங்களும் வர்ற வரியா பாத்து எடுங்க, அப்பதான் எது எதைக் குறிக்குதுன்னு தெரியும். வாசலுக்கு அப்படி ஒரு லட்டு மாதிரி இடம் திருப்பாவை 16-ஆம் பாட்டு. மார்கழி காலையில ஸ்பீக்கர்ல கேட்டே மனப்பாடம் ஆகியிருக்கும்: 'நாயகனாய் நின்ற நந்தகோபனுடைய கோயில் காப்பானே, கொடித்தோன்றும் தோரண வாயில் காப்பானே, மணிக்கதவம் தாள் திறவாய்'. கோயில்ங்கிறது இங்க சாமி கும்புடுற இடம் இல்ல, நந்தகோபன் வீடு, தலைவனோட இல். வாயில் வேற, கதவம் வேற, தாள் வேற, கடைசி வரியில 'நிலைக் கதவம்'னு நிலையும் வந்துருது. நம்ம ஆசாரி பிரிச்ச மாதிரியே ஆயிரம் வருஷத்துக்கு மேல முன்னாடி ஆண்டாள் பிரிச்சு வெச்சிருக்காங்க. அதே திருப்பாவையில 10-ஆம் பாட்டுல 'மாற்றமும் தாராரோ வாசல் திறவாதார்'. ஆக வாயிலும் வாசலும் ஒரே ஆளோட வாயில ஒரே நூல்ல வருது. வாசல் கொச்சை, வாயில்தான் சுத்தம்னு யாராவது உங்களைத் திருத்துனா இந்த ரெண்டு பாட்டையும் காட்டுங்க. இன்னொண்ணு, 14-ஆவது பாட்டுல 'புழைக்கடைத் தோட்டத்து வாவியுள்'னு வரும், நாம இன்னிக்கும் புழக்கடைன்னு சொல்றோமே அதான்.

அந்தப் புழைக்கடையில இருக்குற கடையைக் கொஞ்சம் இழுத்துப் பாத்தா இன்னொரு கதவு திறக்கும். வாசலுக்குப் பழைய தமிழ்ல இன்னொரு பேரு கடை. 142-ஆவது குறள் 'அறன்கடை நின்றாருள் எல்லாம் பிறன்கடை நின்றாரின் பேதையார் இல்'. பிறன்கடைன்னா அடுத்தவன் வீட்டு வாசல், அவன் பொண்டாட்டி மேல ஆசைப்பட்டு அங்க போய் நிக்கிறவனைத் திட்டுற குறள் இது. ஆனா சிலப்பதிகாரத்துல வர்றதுதான் நம்ம ஊரு சரக்கு. கண்ணகி பாண்டியன்கிட்ட தன் ஊர் எதுன்னு சொல்றப்ப புகாரோட பெருமையா மனுநீதிச் சோழன் கதையை எடுத்து விடுவா: 'வாயிற் கடைமணி நடுநா நடுங்க ஆவின் கடைமணி உகுநீர் நெஞ்சு சுட'. முதல் கடைமணி அரண்மனை வாசல்ல தொங்குற மணி. ரெண்டாவது கடைமணி பசுவோட கண்ணு ஓரம், கண்ணீர் வழியுற இடம். ஒரே சொல்லு ரெண்டு அர்த்தத்துல ஒரே மூச்சுல. கடைன்னா முடிவு, ஓரம். வீடு முடியுற ஓரம் வாசல், கண்ணு முடியுற ஓரம் கடைக்கண், தண்ணி போய்ச்சேர்ற கடைசி வயல் கடைமடை. கடைமடைக்குத் தண்ணி வரலன்னு வருஷா வருஷம் பேப்பர்ல போடுறாங்களே அதே கடை. திருவாரூர் கோயில் பக்கம் அந்தக் கதைக்குக் கல்லுல தேர் செஞ்சு வெச்சிருக்காங்க, பாக்காதவங்க பாத்துருங்க.

கண்ணகி அரண்மனைக்கு வந்ததும் காவக்காரனைக் கூப்புடுறதே 'வாயிலோயே வாயிலோயே'ன்னுதான். வாசல் காக்குறவனுக்கு வாயிலோன். புகார்ல பொறந்த பொண்ணு வாயில அந்தச் சொல்லு. புகார்ங்கிற ஊர்ப் பேருக்கே ஆறு கடல்ல புகுற இடம்னுதான் அர்த்தம்.

அர்த்தம் வீட்டை விட்டு வெளிய எவ்வளவு தூரம் போயிருக்குங்கிறதையும் தேடணும், சொல்லு எந்த அளவுக்கு ஊறிப்போச்சுன்னு அதுலதான் தெரியும். 6-ஆவது குறள் 'பொறிவாயில் ஐந்தவித்தான்', அஞ்சு புலனும் அஞ்சு வாசல். அகப்பாட்டுல தலைவன் வேற எங்கயோ போய்ட்டு வீட்டுக்குத் திரும்பி வர்றப்ப நேரா உள்ள போக மூஞ்சி இருக்காது, பாணனையோ வேற யாரையாவதையோ முன்னாடி அனுப்பி சமாதானம் பேசுவான், அந்தத் தூது போற ஆளுக்கே பேரு வாயில். தோழி அந்த ஆளைத் திருப்பி அனுப்புனா அது வாயில் மறுத்தல். இதெல்லாம் மருதத் திணையில வர்ற சமாச்சாரம், மருதம்னா வயலும் வயல் சார்ந்த இடமும், அதாவது நம்ம ஏரியா. ஊடலுக்கு வாசலை உவமையாப் பாத்தது வயக்காட்டுக்காரங்கதான்னு சொல்லிக்கலாம், கொஞ்சம் பெருமைக்கு. இன்னிக்கு மேடையில 'இக்கூட்டத்தின் வாயிலாக'ன்னு பேசுறாங்களே, அந்த வாயிலும் இதோட தேஞ்ச துண்டுதான்.

பாட்டுக்கு அப்புறம் கல்லு. பாட்டு ஏட்டுல கைமாறி கைமாறி வந்தது, நடுவுல எழுதுனவரு ஒரு எழுத்தை மாத்தியிருக்கலாம். கல்லுல வெட்டுனது அப்படியே நிக்கும், பெரும்பாலும் எந்த ராஜாவோட எத்தனையாவது வருஷம்னு வேற இருக்கும். அதனால சொல்லுக்குக் காலம் சொல்ல கல்வெட்டுதான் கெட்டி. வாசலுக்கு நேரா தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குப் போயிருங்க. 1010-ல முடிச்ச கோயில். மராட்டியர் காலத்து முகப்பைத் தாண்டுனதும் முதல்ல வர்ற அஞ்சு நிலை கோபுரத்துக்குக் கல்வெட்டுல பேரு கேரளாந்தகன் திருவாசல். சேரனை ஜெயிச்சதுக்கு ராஜராஜனுக்கு வந்த பட்டம் கேரளாந்தகன், அதை வாசலுக்கு வெச்சிருக்காங்க. அடுத்து மூணு நிலையில ராஜராஜன் திருவாசல், ரெண்டு பக்கமும் பூதாகாரமா துவாரபாலகர் நிக்கிறாங்களே அது. இன்னும் உள்ள ராஜாவுக்கு நெருக்கமானவங்க பேர்ல அணுக்கன் திருவாசல். இதுல ரெண்டு விஷயம் கவனிங்க. ஒண்ணு, வாயில் இல்ல, வாசல், அதுவும் திரு போட்டு, ராஜாவோட சொந்தக் கோயில்ல. ரெண்டு, நாம இன்னிக்கு கோபுரம் கோபுரம்னு அண்ணாந்து பாக்குறதை அவங்க வாசல்னு பேரு வெச்சிருக்காங்க. மேல இருக்குற கட்டடத்துக்கு இல்ல, கீழ நடந்து போற திறப்புக்குத்தான் பேரு. பின்னாடி காலத்துல கோபுரம் ஒசந்துக்கிட்டே போயி, ஸ்ரீரங்கத்துல 13 நிலை ராஜகோபுரம் 236 அடிக்கு 1987-ல முடிஞ்சப்ப வாசல் கோபுரத்துக்கு அடியில ஒரு ஓட்டை மாதிரி ஆயிருச்சு. ஆனா ஸ்ரீரங்கத்துலயும் உள்ள போகப் போக பேச்சு வாசல்தான்: ஆர்யபடாள் வாசல், நாழிகேட்டான் வாசல், பரமபத வாசல்.

கல்வெட்டு பாக்கப் போறவங்களுக்கு சில விஷயம். அந்தக் காலத்து எழுத்துல புள்ளி பெரும்பாலும் வெக்க மாட்டாங்க, அதனால வாசல் வாசலன்னு நிக்கும், எ ஏ வித்தியாசமும் ஒ ஓ வித்தியாசமும் தெரியாது, நடுவுல கிரந்த எழுத்து கலந்து வரும். சோழர் கோயில்ல கருவறையைச் சுத்தி அடித்தளத்துல, குறிப்பா உருண்டையா இருக்குற குமுத வரியிலயும் அதுக்கு மேல சுவர்லயும்தான் நிறைய இருக்கும். நடுப்பகல்ல போனா ஒண்ணும் தெரியாது, காலையிலயோ சாயந்தரமோ வெயில் சாஞ்சு அடிக்கறப்ப எழுத்து தானா எழுந்து நிக்கும், உள்ள இருட்டா இருந்தா போன் டார்ச்சை சுவரோட ஒட்டி சாய்ச்சுப் புடிங்க. மாவு தேய்க்கிறது, எண்ணெய் தடவுறது, சாக்பீஸ்ல எழுத்து மேல போடுறது எதுவும் வேண்டாம், கல்லு கெட்டுப்போகும், திட்டும் விழும். படிக்க வரலன்னா கவலைப்படாதீங்க, பெரிய கோயில் கல்வெட்டு எல்லாம் தொல்லியல் துறை போட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில ரெண்டாம் தொகுதியில அச்சாகியிருக்கு, அதை வெச்சுக்கிட்டு கல்லைப் பாத்தா எழுத்து கண்ணுக்குப் பழகிரும்.

தஞ்சாவூர் வரைக்கும் போனதுக்கு அப்படியே தெருப் பேரையும் பொறுக்கிட்டு வந்துருங்க. கீழவாசல்னு பஸ்ல கத்துவாங்க, இறங்குனா வாசலைக் காணோம்னு இருக்கும், கோட்டைக்குக் கிழக்குப் பக்கம் இருந்த வாசல் அது. கட்டடம் போயிரும், பேரு போகாது. பக்கத்துலயே அலங்கம்னு தெருவுங்க இருக்கு, அலங்கம்னா கோட்டை மதில். ஒரு ஊரோட பழைய மேப்பை பஸ் ஸ்டாப் பேரை வெச்சே பாதி போட்டுரலாம்.

கடன் வாங்குன சொல்லையும் ஒரு பார்வை பாத்துட்டு விட்டுருங்க. வாசலுக்கு வடமொழியில துவாரம். தமிழுக்கு வந்ததும் அது சுருங்கி சின்ன ஓட்டை ஆயிருச்சு, மூக்குத் துவாரம், சுவத்துல துவாரம். பழைய அர்த்தம் துவாரபாலகர்கிட்டயும் துவாரகைகிட்டயும் மாட்டிக்கிட்டு நிக்குது, ஆறு கடல்ல கலக்குற இடத்தை முகத்துவாரம்னு சொல்றப்பவும் கொஞ்சம் எட்டிப் பாக்குது. இங்கிலீஷ்காரங்க டோர்னு சொல்றதும் இந்தத் துவாரமும் ஒரே குடும்பம், அதுக்கும் நம்ம வாசலுக்கும் உறவு இல்ல.

இவ்வளவும் முடிச்சுட்டு அகராதிக்கு வாங்க. மெட்ராஸ் யுனிவர்சிட்டி தமிழ் லெக்சிகன் 1924-லேர்ந்து 1936 வரைக்கும் ஆறு தொகுதியா வந்தது, லட்சத்துக்கு மேல சொல்லு. அதுல அர்த்தத்தை விட அதுக்குப் பக்கத்துல சின்ன எழுத்துல போட்டிருக்குற நூல் பேருதான் முக்கியம், அந்த அர்த்தத்துல அந்தச் சொல்லு எங்க வந்துச்சுன்னு சொல்லுது, அங்க போய் நேரா பாத்துருங்க. பக்கத்து மொழி ஒப்பீட்டுக்கு பரோவும் எமனோவும் சேந்து செஞ்ச திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி, 1961-ல முதல் பதிப்பு, 1984-ல ரெண்டாவது. ரெண்டு அகராதியும் சிகாகோ யுனிவர்சிட்டி சைட்ல ஃப்ரீயா தேடலாம். பழைய பாட்டெல்லாம் உரையோட தமிழ் இணையக் கல்விக்கழகம் சைட்ல இருக்கு. தேடுறப்ப வாசல்னு மட்டும் போடாம வாயில், வாயிலோன், வாயிற், முன்றில், கடைன்னு எல்லா வடிவத்தையும் போட்டுத் தேடுங்க, சந்தியில எழுத்து மாறி ஒளிஞ்சுக்கிட்டு இருக்கும்.

நோட்டுல கடைசியா அர்த்தத்தைக் காலவரிசையில எழுதிப் பாத்தா படம் தெளிவாயிரும். முதல்ல வாயில்னா வீட்டோட திறப்பு, அதுக்கு முன்னாடி இருந்த தரைக்கு முன்றில்னு தனிப் பேரு இருந்துச்சு. பேச்சுல முன்றில் மெல்ல வழக்கு ஒழிஞ்சதும் அந்தத் தரையையும் வாசலே எடுத்துக்கிச்சு, அதனாலதான் இன்னிக்கு வாசலைத் தெளிக்கவும் முடியுது, திறக்கவும் முடியுது. தரையிலேர்ந்து தெருவுக்கு ஒரு எட்டுதான், கார் நிக்கிற வாசல் அப்படி வந்தது. வீடு வாசல்னு ஜோடியாச் சொன்னா வீடும் அதுக்குச் சேர்ந்த நிலமும், அதாவது சொத்து. ஆரம்பத்துல எழுதுன ஆறு வேலைக்கும் இப்ப ஒவ்வொண்ணுக்கும் வழி தெரியுது, ஒண்ணுகூட விட்டுப்போகல. விட்டுப்போச்சுன்னா உங்க விளக்கத்துல எங்கயோ ஓட்டை இருக்கு, திரும்பப் பொறுக்க ஆரம்பிங்க.

அடுத்து எதைப் புடிக்கிறதுன்னு கேட்டா நான் ரேழியைச் சொல்லுவேன். வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவுல இருட்டா குறுகலா ஒரு வழி இருக்குமே அது. அகராதி இடைகழியைக் கை காட்டும், திருக்கோவலூர்ல மழை ராத்திரியில மூணு ஆழ்வாரும் நெருக்கியடிச்சு நின்ன இடமும் இடைகழிதான். ஆனா சொன்னதை அப்படியே நம்பாதீங்க, முன்னாடி இருக்குற இகரம் எப்படி விழுந்துச்சு, ட எப்படி ர ஆச்சு, அதே மாதிரி விழுந்த வேற சொல்லு எது எதுன்னு நீங்களே தேடிப் புடிங்க. சொல்லை முதல்ல உங்க அம்மாச்சியையோ அப்பாயியையோ சொல்லச் சொல்லிக் கேளுங்க, சில வீட்ல ரேழியா வராது, டேழின்னு வரும்.